தறியை நிறுத்திய அண்ணனுக்கு

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கும், போனில் விசாரித்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கெட்டு, அதில் இருந்த புடவை டிசைன்கள் போகப் பார்த்தன. அது எப்படி ஆயிற்று என்று இன்னொரு தடவை சொல்லப் போவதில்லை. பத்து நாளாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. டிசைன் கிடைத்துவிட்டது. 2011-லிருந்து நான் வரைந்த கரை, முந்தி, புட்டா எல்லாமும், அப்பா கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்து நான் ஸ்கேன் செய்தவையும் வந்துவிட்டன. இரண்டு ஃபைல் மட்டும் போனது போனதுதான். நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நன்றி முதலில் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைத் தம்பி வீட்டுக்கே வந்து, பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்கிற வேறொரு இயங்குதளத்தைக் கிளப்பி, டிஸ்கில் இருப்பதையெல்லாம் காப்பி எடுக்க விட்டுவிட்டுப் போனார். டிடிரெஸ்க்யூ என்று ஒரு மென்பொருள். படிக்க முடிகிற இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருமாம். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "டக் டக்குன்னு உள்ள முட்டுற சத்தம் கேட்டா உடனே கரண்டைப் புடுங்கிடுங்க அக்கா, படிக்கிற முனை உள்ள சுத்துற தட்டைச் சொரண்டிடும். கேக்கலேன்னா தொடவே தொடாதீங்க. நிறுத்திட்டு மறுபடி போட்டா சுத்துமான்னு சொல்ல முடியாது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு விசைத்தறி. ராத்திரி பகல் டக் டக்தான். இதில் எந்த டக் தறியுடையது, எந்த டக் ஹார்ட் டிஸ்குடையது? மேஜையில் வைத்த டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக ஆடிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறேன், அது ஆடும் என்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன். டிஸ்கின் மேல் காதை வைத்துக்கொண்டு குனிந்தே கிடந்தேன். அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார்.

பதினோரு மணி இருக்கும். ஒரு தறி நின்றது. பாவு அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் இரண்டாவது. மூன்றாவது. நான்காவதும் நின்றபோது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. டிஸ்க் மட்டும் மெல்ல உய்ய்யென்று சுற்றிக்கொண்டிருந்தது. முட்டுகிற சத்தம் இல்லை.

நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன். அண்ணன் மீட்டர்க் கூலிக்கு ஓட்டுகிறவர், ஓடாத ராத்திரிக்குக் கூலி கிடையாது. அம்மா என்ன சொன்னாரோ, அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "பாப்பா வேலை முடியட்டுங்க, தறி எங்க போயிரப் போகுது." எனக்கு வயது முப்பத்தெட்டு, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். மறுநாள் ராத்திரியும் நிறுத்தினார்.

இதில் பாவம் அண்ணி. ஏழு மாதக் குழந்தை தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியது. சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டு ஒரே அழுகை. ராத்திரி இரண்டு மணிக்குத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்துகொண்டிருந்தார். நான் ஜன்னலைத் திறந்து கும்பிட்டேன். "அழட்டும், உன் பொட்டி என்ன சொல்லுது?" என்றார்.

பெட்டி ஒரு கட்டத்தில் நொடிக்குச் சில கிலோபைட் என்று நத்தையாக ஊர்ந்தது, பிறகு வேகம் பிடித்தது. தறி நின்றதால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றுதான் தம்பி சொன்னார். தட்டுக்கும் அதைப் படிக்கிற முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாதாம்.

அந்தத் தம்பிக்கும் நன்றி. டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்கிற செக் டிஸ்க் என்ற மென்பொருளை நான் முன்னமே போட்டுப் பார்த்தேன் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் திட்டவில்லை. பார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்று வேறொரு கடையில் சொன்னதைக் கேட்காமல் வந்தேனே, அதற்கு எனக்கே ஒரு நன்றி. இன்வெர்ட்டர் கொடுத்த எதிர்வீட்டுக்காரர், தட்டுவடை செட் வாங்கி வந்து வாயில் திணித்த தோழிகள், கெடு தள்ளிக் கொடுத்த செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்காரர், எல்லாருக்கும் நன்றி. டிஸ்கைப் பிரிட்ஜில் வைத்து எடு என்று சொன்ன மாமாவுக்கும்தான். வைக்கவில்லை மாமா, உள்ளே நீர் கோத்துக்கொள்ளுமாம்.

இனி மாதம் முதல் தேதி இரண்டு காப்பி. ஒன்று இங்கே, ஒன்று அஸ்தம்பட்டி அக்கா வீட்டு பீரோவில். தொலைந்துபோன இரண்டு ஃபைலில் ஒன்று மாங்காய்ப் புட்டா. அந்தப் புடவை சித்தியிடம் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணி மறுபடி போட்டுவிடுவேன்.

அண்ணா, இரண்டு ராத்திரிக் கூலி எவ்வளவு என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள். குழந்தையின் காதுகுத்துக்கு அண்ணி கட்டுகிற பட்டுக்கு முந்தியும் கரையும் நான்தான் போடுவேன். அதுக்கும் வேண்டாங்க என்று சொன்னீர்களானால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.