மறுபடியும் கேட்பேன் என்று சொல்லிவை

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் புதன்கிழமையே கைக்கு வந்துவிட்டது. இரவு வேலை முடிந்து ஆற அமர எழுத இன்றுதான் நேரம் வாய்த்தது. உன் மகளின் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத்) தேர்வு முடிவை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நம்ம லயத்துப் பிள்ளையாச்சே" என்று அக்கம்பக்கத்திலெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் செய்தி கொண்டுபோக அந்த வலி தடையாக இருப்பதில்லை.

நாம் வளர்ந்த தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இப்போது ஒன்றும் மிச்சமில்லை. பால்மரமான ரப்பர் போய், எண்ணெய் தரும் செம்பனை வந்ததும் பழைய கதையாகிவிட்டது. குலை வெட்டுவது பெரும்பாலும் வங்காளதேசத்து ஆட்களும் இந்தோனேசிய ஆட்களும்தான். நம் ஆட்கள் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்து, லோரி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலைக்குப் போகிறார்கள், காவல் வேலை பார்க்கிறார்கள். பால்வெட்டும்போது கொசு விரட்டப் பற்றவைத்த சிகரெட் மட்டும் அவர்கள் கூடவே தாமானுக்கும் வந்துவிட்டது.

புகைபிடிப்பதை நிறுத்த உதவும் பிரிவை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆளே வருவதில்லை, வந்தவரும் இரண்டாம் முறை வருவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். அதைப் பற்றித்தான் விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

அந்த அறைக்குள் காத்திருந்தால் ஆள் வரமாட்டார்கள், சாந்தி. "சிகரெட்டை விடப்போகிறேன், உதவி செய்யுங்கள்" என்று தானாகவே கிளினிக் படியேறுகிறவர் மிக அபூர்வம். ஆனால் அதே ஆள் இனிப்புநீர் (நீரிழிவு) மருந்துக்கு வருகிறார், ரத்தக் கொதிப்புக்கு வருகிறார், கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வருகிறார், பிள்ளையின் மூச்சிழுப்புக்கு நெபுலைசர் வைக்க இரவில் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார். கேட்க வேண்டியது அங்கேதான். ரத்த அழுத்தம் பார்க்கிற தாதியும், மருந்து கொடுக்கிற மருந்தாளரும், பல் பிடுங்குகிற டாக்டரும் ஆளுக்கொரு முறை கேட்க வேண்டும். உன் பிரிவின் வேலை உன் அறைக்கு வெளியேதான் தொடங்குகிறது.

ஒரே ஒரு கேள்வியால் என்ன ஆகிவிடப் போகிறது என்று உன் கிளினிக்கில் யாராவது கேட்டால் இதைச் சொல். 1979இல் லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 28 குடும்ப மருத்துவர்களிடம் ஏதேதோ நோய்க்காக வந்த 2,138 புகைப்பவர்களை நான்கு பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு எதுவும் செய்யவில்லை. இரண்டாம் பிரிவுக்குக் கேள்வித்தாள் மட்டும் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவிடம் டாக்டர் "விட்டுவிடுங்கள்" என்று சொன்னார். நான்காம் பிரிவிடம் அதையே சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்றும் தெரிவித்தார்கள். முதல் மாதத்திலேயே விட்டு, ஒரு வருஷம் கழித்தும் தொடாமல் இருந்தவர்கள் முறையே 0.3, 1.6, 3.3, 5.1 விழுக்காடு. நூற்றுக்கு ஐந்து பேர் சொற்பமாகத் தெரியலாம். ஆனால் அதற்குச் செலவானது ஒன்றிரண்டு நிமிஷப் பேச்சு. உன் கிளினிக்கில் ஒரு வருஷத்தில் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார். எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்தது நான்காம் பிரிவுதான். மறுபடியும் கேட்பேன் என்று ஒருவர் சொல்லிவைப்பதற்கே ஒரு பலன் இருந்திருக்கிறது.

அதனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். நம் ஆட்களுக்குத் திட்டு புதிதில்லை. தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் திட்டியிருக்கிறார், கணக்கு எழுதுகிற கிராணி திட்டியிருக்கிறார், வீட்டில் மனைவி தினமும் திட்டுகிறாள். நாமும் சேர்ந்து திட்டினால் அடுத்த முறை தாதியான நம்மிடம் "விட்டுட்டேன் மிஸ்ஸி" என்று பொய் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பொய் அட்டையில் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் கேட்கப்போவதில்லை. நான் முதலில் "விடணும்னு எப்பவாவது தோணியிருக்கா அண்ணே?" என்று கேட்பேன். ஏறக்குறைய எல்லோருமே தோன்றியிருக்கிறது என்பார்கள். பேத்தி முத்தம் கொடுக்க வரமாட்டேன் என்றாளாம், அண்ணனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்களாம், பெட்டி விலை கட்டுப்படியாகவில்லையாம். அவர் வாயிலிருந்து வந்த காரணத்தை அப்படியே அட்டையில் எழுதிவைத்துக்கொள். அடுத்த முறை நுரையீரலைப் பற்றிப் பேசாதே, அந்தப் பேத்தியைப் பற்றிப் பேசு.

அடுத்த கேள்வி, காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பது. ஒரு நாளைக்கு எத்தனை என்ற எண்ணிக்கையைவிட இது நிறையச் சொல்லிவிடும். ஐந்து நிமிஷத்துக்குள் பற்றவைக்கிறவருக்கு மன உறுதியைப் பற்றிப் பாடம் நடத்துவதில் அர்த்தமே இல்லை. நிக்கோட்டின் இழுத்த சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. இரவு முழுக்க அது இறங்கிப்போய், விடிந்ததும் மூளை அதைக் கேட்கிறது. அவருக்கு மருந்து வேண்டும். முதல் சிகரெட் அரை மணிக்குள் என்றால் நிக்கோட்டின் சூயிங்கம் 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையும் சூயிங்கமும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் அதிகம். சிகரெட்டை விட உதவும் வரெனிக்லின் மாத்திரை உங்கள் மருந்தகத்தில் கிடைக்கிறதா என்று மருந்தாளரைக் கேட்டுவை. அதையும் புப்ரோபியனையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

சூயிங்கம்மைக் கையில் கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது. நம் ஆட்கள் அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி வேகமாக மெல்லுவார்கள். எச்சிலோடு விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "இது எனக்கு ஒத்துக்கல" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காப்பி குடித்த கையோடு போட்டால் நிக்கோட்டின் வாயில் சரியாக இறங்காது, கால் மணி நேரம் போக வேண்டும். உன் எதிரிலேயே ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல். இரவில் ஒட்டுப்பட்டையோடு படுத்துக் கெட்ட கனவு வருகிறது என்றால் படுக்கும் முன் எடுத்துவிடச் சொல். காலையில் சிகரெட் இல்லாமல் வயிறு போகவில்லை என்பார்கள். சிரித்துவிடாதே, விட்ட புதிதில் மலச்சிக்கல் வருவது நிஜம். தண்ணீரும் பப்பாளியும் சொல்லிக் கொடு. சில கிலோ எடை கூடலாம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடு, அதுவும் இனிப்புநீர்க்காரர்களிடம் கட்டாயம் சொல். பின்னால் தெரிந்தால் நம்மை நம்பமாட்டார்கள்.

ஒரு விஷயத்தை உங்கள் டாக்டரிடம் நினைவூட்டு. மூச்சிழுப்புக்குத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர் சிகரெட்டை விட்டால் அந்த மருந்து ரத்தத்தில் கூடும். புகையில் இருக்கும் தார்தான் கல்லீரலை வேகமாக வேலை வாங்கி மருந்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. விட்ட பிறகு பழைய அளவையே கொடுத்தால் வாந்தியும் படபடப்பும் வரும். அவரோ சிகரெட்டை விட்டதால்தான் இப்படி ஆனது என்று நினைத்து மறுபடியும் பற்றவைப்பார். இன்சுலின் போடுகிறவர்களின் சர்க்கரை அளவையும் அந்த வாரங்களில் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் முறை வருவதில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கு நான் கண்ட காரணம் வேலை. நாள் சம்பளக்காரருக்கு கிளினிக்கில் ஒரு காலைப்பொழுது போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. விட வேண்டிய நாளை அவரையே குறிக்கச் சொல், இரண்டு வாரத்துக்குள். சம்பள நாளும் கல்யாண வீடும் வேண்டாம். பீரும் சம்சுச் சாராயமும் உள்ளே போனால் சிகரெட் தானாகக் கைக்கு வந்துவிடும், அதையும் மறைக்காமல் பேசு. விட்ட இரண்டு மூன்று நாளில்தான் தவிப்பு உச்சத்துக்குப் போகும், பிறகு மூன்று நான்கு வாரத்தில் மெல்ல அடங்கும். அந்த முதல் வாரத்தில் நீ போனில் கூப்பிடு. "எப்படி இருக்கீங்கண்ணே?" என்று கேட்டாலே போதும். ஆசை எழுந்தால் சில நிமிஷம் பொறுத்தால் அடங்கிவிடும், தண்ணீர் குடிக்கணும், எழுந்து நடக்கணும் என்று சொல். ஒன்று பிடித்துவிட்டேன் என்றால், எப்போது, யாரோடு, எங்கே என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்தே தொடரச் சொல். மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் கருவி உங்களிடம் இருந்தால் விட்ட சில நாளில் அவரை ஊதச் சொல். ஓரிரு நாளிலேயே எண் இறங்கிவிடும். வேறு எந்தப் பலனும் கண்ணுக்குத் தெரியாத அந்த நாட்களில், இறங்கிய எண்ணைப் பார்க்கும் அவர் முகத்தை நீயும் பார்க்க வேண்டும்.

இனி எனக்கு மனதில் பெரிதாக இருப்பதைச் சொல்கிறேன். நம் பெண்கள். தேசியச் சுகாதார ஆய்வு 2019இல் எடுத்த கணக்கில் மலேசிய ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைத்தார்கள், பெண்களில் 1.2 விழுக்காடுதான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாம் பெண்களைக் கேட்பதையே விட்டுவிடுகிறோம். அவர்களும் "சிகரெட்டா? சீச்சீ" என்பார்கள், அது முழு உண்மை. ஆனால் இடுப்பில் சுருக்குப்பை இருக்கும். அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. நம் பாட்டிமார் விடியற்காலை பசியோடு பால்வெட்டப் போனபோது வாய்க்குள் அடக்கிக்கொண்டது அது. பல் வலிக்கும் அதுதான், சும்மா இருந்தால் துணைக்கும் அதுதான். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம், அதிலும் நம் பெண்களிடம் அதிகம் என்பது நீயும் படித்ததுதான். புகையிலையை எடுத்துவிட்டு வெறும் பாக்கு போட்டால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே சொல்லிவிட்டது.

போன மாதம் கால் வீக்கத்துக்கு ஓர் அம்மா வந்தார். பேச்சுவாக்கில் "ஆச்சி, வெத்தல போடுவீங்களா? பொகல சேப்பீங்களா?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் எந்த மிஸ்ஸியும் தன்னிடம் இதைக் கேட்டதில்லை என்றார். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. காரம் பட்டால் எரிகிறது, வயசு ஆச்சு அதான் என்று இருந்திருக்கிறார். கன்னத்தின் உட்புறத்தில், வெற்றிலை ஒதுக்கும் பக்கத்தில், தேய்த்தால் போகாத வெள்ளைத் திட்டு. அன்றே பல் பிரிவுக்கு அனுப்பினோம். திசுப் பரிசோதனை முடிவுக்கு இன்னும் காத்திருக்கிறோம். அவர் பையில் இருந்ததை எல்லாம் என் மேசையில் கொட்டிவிட்டு, "இனி கைக்கு வேலை என்னம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும், சாந்தி. கிராம்பு, ஏலக்காய், சோம்பு என்று எதையாவது கையில் கொடுத்துத்தான் அனுப்ப முடியும். பல் விழுந்த பாட்டிகளுக்கு சூயிங்கம் சரிப்படாது, ஒட்டுப்பட்டையைத்தான் யோசிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டி மெல்லுகிற புகையிலையையும் சேர்த்தே பேசுகிறது. உங்கள் அட்டையில் "புகைக்கிறாரா" என்ற ஒரு கட்டம்தான் இருக்குமானால், பக்கத்தில் பேனாவால் "மெல்லுகிறாரா" என்று எழுதிக்கொள். கர்ப்பிணிகளிடமும் கேள், மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேள்.

பையன்களிடம் 'வேப்' எனும் மின்சிகரெட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2023 மார்ச் கடைசியில் அதில் ஊற்றும் நிக்கோட்டின் திரவம் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, புதிய சட்டம் 2024 அக்டோபரில் நடப்புக்கு வரும்வரை கட்டுப்பாடு இல்லாமல் நடுவில் கிடந்த அந்த ஒன்றரை வருஷத்தில் நம் பள்ளிப் பையன்கள் எத்தனை பேர் பழகிக்கொண்டார்களோ. நினைத்தாலே கோபம் வருகிறது.

வயதானவர்களை "இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்று நம் ஆட்களே ஒதுக்கிவிடுகிறார்கள். அதை மட்டும் ஒப்புக்கொள்ளாதே. பிரிட்டிஷ் டாக்டர்களையே 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளரின் ஆய்வில், முப்பது வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய 10 வருஷ ஆயுள் மிஞ்சியது, ஐம்பதில் விட்டவர்களுக்கு 6, அறுபதில் விட்டவர்களுக்கும் 3. நம் தாத்தாக்களுக்கு மூன்று வருஷம் என்றால் ஒரு பேத்தியின் கல்யாணம்.

அடுத்த கடிதத்தில் இரண்டு விஷயம் எழுது. உங்கள் பல் டாக்டர் இனிப்புநீர் நாளில் வந்து பெண்களின் வாயைப் பார்க்கச் சம்மதிப்பாரா என்று கேட்டு எழுது. நான் இங்கே அதற்குத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன். உன் முதல் வார போன் அழைப்புகளுக்கு ஆட்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்றும் எழுது, நல்லதோ கெட்டதோ. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், விடுப்புக்கு எழுதிப்போட வேண்டும். அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் தோழி
வசந்தி