சண்முகத்துக்கு, நாமக்கல்லிலிருந்து

நாமக்கல்,
2025 ஆடி மாதம், ஞாயிறு இரவு.

அன்புள்ள சண்முகம்,

உன் பொங்கல் வாழ்த்துக்குப் பதில் எழுதாமலே ஆடியும் பிறந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டால் நீ பழைய பாக்கிகளையெல்லாம் கிளறுவாய் என்பதால் கேட்கப்போவதில்லை. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக் கடன் அப்படியே இருக்கிறது. நாம் 'ஆட்டோகிளேவ்' என்று பட்டப்பெயர் வைத்த நண்பன் சென்ற மாதம் ஓய்வு பெற்றான். பிரிவுபசார விழாவிலும் அந்தத் தயிர்ப் பானைக் கதையைத்தான் சொன்னான், இந்த முறை பானையை உடைத்தது நீயாம்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. இருபத்தாறு ஆண்டுகளாக ஆய்வகத்தில் ஊரார் முட்டைகளில் நான் தேடிக்கொண்டிருந்த சால்மொனெல்லா என்ற பேதிக் கிருமி, பதினைந்து நாட்களுக்கு முன் என் வயிற்றிலேயே அகப்பட்டது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

தங்கை மகனுடைய பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். பச்சை முட்டை மயோனைசுக்கு அரசு ஏப்ரல் மாதம் ஓராண்டுத் தடை விதித்ததல்லவா, கடையில் கிடைக்காவிட்டால் என்ன என்று அந்தப் பையன் வீட்டிலேயே முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்து வைத்திருந்தான். அந்தத் தடையை வரவேற்று ஒரு கல்லூரி மேடையில் முக்கால் மணி நேரம் பேசியவன், மாமா ஒரு வாய் பாருங்கள் என்று பையன் நீட்டியதும் மறுக்க மனமில்லாமல் வாங்கித் தின்றேன். இருபத்திரண்டு பேர் தின்றோம். மறுநாள் இரவு காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக விழுந்தவன் நான் ஒருவன்தான். நான் தெளிந்து எழுந்து மிச்சத்தைக் கேட்டபோது, அது தங்கை வீட்டுக் கோழிகளுக்குப் போய்விட்டிருந்தது. ஆகவே குற்றவாளி மயோனைஸ்தான் என்பதற்கு என்னிடம் சான்று எதுவும் கிடையாது. நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மலப் பரிசோதனை செய்தவர்கள் தட்டின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார்கள். கிருமி வளர்க்கும் சிவந்த அகார்க் கூழில், விளிம்பு இளஞ்சிவப்பாகவும் நடு மை வைத்தாற்போலக் கறுப்பாகவும், வரிசையாகக் கிருமிக் காலனிகள். அவ்வளவு தெளிவான தட்டை மாணவர்களுக்குக் காட்டவென்று நான் தயாரித்தபோதுகூடப் பெற்றதில்லை. கிருமி வெளியேறுகிறவரை உணவு மாதிரியைத் தொடக்கூடாது என்று என் ஆய்வகத்தில் விதி எழுதி ஒட்டியவன் நானே ஆகையால், அடுத்தடுத்து இரண்டு முடிவுகள் சுத்தமாக வரும்வரை வீட்டில் அடைந்து கிடக்கிறேன். முதலாவது வந்துவிட்டது.

என்னை உறுத்துவது நோயன்று, அந்த இருபத்தொரு பேர். விருந்துக்குப் பத்து நாட்களுக்கு முன் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். முடித்த நான்காம் நாள் அந்த விருந்து. மதுரை விடுதி மெஸ்ஸில் நீயும் நானும் மல்லுக்கட்டியது நினைவிருக்கிறதா? உணவில் எத்தனை கிருமி இருந்தது என்பதே கேள்வி என்று நான் சாதித்தேன். எந்தக் குடலில் போய் விழுந்தது என்று கேள் என்றாய் நீ. 'பெட்ரி' சார் வந்து இருவரையும் கை கழுவச் சொன்னார்.

அன்று நீ மேற்கோள் காட்டிய கட்டுரையை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். 1954-இல் சிகாகோவில் மார்ஜரி போன்ஹாஃபும் பிலிப் மில்லரும் எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழியாக ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டுப் பிறகு சால்மொனெல்லாவைப் புகட்டினார்கள். சாதாரண எலியைத் தொற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கிருமிகள் வேண்டியிருந்த இடத்தில், மருந்து தின்று குடலின் காவல் கிருமிகளை இழந்த எலிக்குப் பத்துக்கும் குறைவாகவே போதுமானதாக இருந்தது. பத்து என்றால், சண்முகம், மயோனைஸில் கரண்டி நுனி பட்டாலே போதும். எலிக்கு நடந்தது எனக்கும் அப்படியே நடந்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை; ஆனால் இருபத்தாறு ஆண்டுகளாக நான் கையெழுத்திட்ட அறிக்கைகளில் ஒன்றிலாவது உண்டவன் யார் என்ற கேள்விக்கு ஓரிடம் விட்டிருக்கிறேனா?

உன்னிடம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதுதான் என்னை மூன்று இரவுகள் தூங்கவிடாமல் செய்தது. மாதிரியில் ஒளிந்திருக்கும் சால்மொனெல்லாவைப் பெருக்கிக் காட்டும் டெட்ராதயோனேட் பிராத் என்ற திரவத்தை நாள்தோறும் கையாள்கிறவன் நான். சுண்ணாம்புத் தூள் அடியில் படிந்து பால்போலக் கலங்கியிருக்கும் அந்தக் குடுவையில், மாதிரியைப் போடுவதற்குச் சற்று முன்பாக அயோடினை ஊற்றிக் குலுக்குவோம். அயோடின் அதிலுள்ள தயோசல்ஃபேட் என்ற கந்தகச் சேர்மத்தை டெட்ராதயோனேட்டாக மாற்றும். மற்றக் கிருமிகள் அதில் திணற, சால்மொனெல்லா மட்டும் தழைக்கும். லியோபோல்ட் முல்லர் 1923-இல் கொடுத்த உத்தி; ஏன் தழைக்கிறது என்று ஒருநாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை. 2010-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் செபாஸ்டியன் வின்டரும் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லரும் கண்டுசொன்னது இது: சால்மொனெல்லா குடலில் புகுந்து அழற்சியை மூட்டுகிறது, கிருமியைக் கொல்ல ஓடிவரும் வெள்ளணுக்கள் உமிழும் ஆக்சிஜன் சேர்மங்கள், குடலில் ஏற்கெனவே கிடக்கும் தயோசல்ஃபேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றிவிடுகின்றன, காற்றில்லாத அந்த இடத்தில் அதைக்கொண்டு சால்மொனெல்லா மூச்சு விடுகிறது, நொதித்துப் பிழைக்கும் மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்கிறது. நான் குடுவையில் அயோடின் ஊற்றிச் செய்வதை, என்னைக் காப்பாற்றவந்த என் வெள்ளணுக்களே என் குடலில் செய்து கொடுத்திருக்கின்றன. கழிவறையில் உட்கார்ந்துகொண்டு இதை எண்ணியபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் மறுபடியும் ஆன்டிபயாடிக் எழுத வந்தார். உடல் திடமாக இருக்கும் ஆளுக்கு இந்தப் பேதியில் அது நாட்களைக் குறைப்பதில்லை, கிருமி வெளியேறுவதைத் தாமதப்படுத்தவும் கூடும் என்று நான் வாதாடியதில், அவர் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு விட்டுவிட்டார். மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்கு நல்ல கிருமிகள் அடங்கிய ஒரு புரோபயாடிக் மாத்திரையை நீட்டினார்; நீ 2018-இல் அனுப்பிய இஸ்ரேல் ஆய்வு நினைவுக்கு வந்தது, ஆன்டிபயாடிக்குக்குப் பின் அதைத் தின்றவர்களின் குடல் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமானது என்று. வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம்.

1985-இல் அதே சிகாகோ வட்டாரத்தில் பால் வழியாகச் சால்மொனெல்லா பரவி, ஆய்வகத்தில் உறுதியானவர்கள் மட்டுமே 16,000 பேரைத் தாண்டினார்கள். ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு மடங்காத வகை அது. அண்மையில் ஆன்டிபயாடிக் தின்றிருந்தவர்களே அதில் அதிகமாக மாட்டினார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும், நச்சுணவுப் புகார் வரும்போது நாங்கள் நிரப்பும் படிவத்தில் என்ன தின்றாய், எப்போது தின்றாய், எங்கே வாங்கினாய் என்று பதினேழு கேள்விகள் இருக்கின்றன. ஒரு மாதத்துக்குள் ஆன்டிபயாடிக் தின்றாயா என்ற பதினெட்டாவது கேள்வி இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் யார் என்று நீ ஊகித்திருப்பாய். 25 கிராம் உணவில் சால்மொனெல்லா இருக்கக்கூடாது என்ற அளவுகோல் சரியானதுதான், அதில் தளர்ச்சி கூடாது; ஆனால் மருந்துச் சீட்டு இல்லாமலே இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்று கத்தரித்துக் கொடுக்கும் ஊரில், எத்தனை குடல்கள் காவலில்லாமல் திறந்து கிடக்கின்றன என்பதை யார் எண்ணுகிறார்கள்?

அப்பாவுக்குச் சென்ற மாதம் சிறுநீர்த் தொற்றுக்கு ஏழு நாள் மருந்து ஓடியது. எண்பத்திரண்டு வயது; தினமும் காலையில் மிளகுத் தூள் போட்ட ஆஃப்பாயில் இல்லாமல் நாளிதழைக்கூடப் பிரிக்கமாட்டார். வேண்டாம் என்றேன். "முட்டை ஊரில் பிறந்து முட்டைக்குப் பயப்படுகிறாயே, உன் வயிற்றைப் பார்த்துக்கொள்" என்றார். அம்மா இப்போது மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்து, மேலே மட்டும் கொஞ்சம் நெய் பளபளக்கத் தடவிக் கொடுக்கிறாள். ருசி குறைந்துவிட்டதென்று கோழியைத் திட்டுகிறார்.

திருத்திய படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மருந்தின் பெயர் தெரியாதவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதில்தான் தடுமாறுகிறேன்: அட்டையைக் காட்டச் சொல்வதா, எந்த நோய்க்கு என்று கேட்பதா? உன் மாணவர்களை விட்டுத் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. இரண்டாவது முடிவு வியாழக்கிழமை வருகிறது. வந்ததும் தந்தி பாணியில் ஒரு வரி எழுதுகிறேன். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கதிர்