வார்டு இன்சார்ஜ் ஆன செல்விக்கு

செம்பூர், மும்பை
9 ஜனவரி 2026

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. டெல்லி மயூர் விஹாரில் காலை ஏழு மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இங்கே மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிறது. சின்னவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குவதால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு. அம்மாவின் முழங்காலுக்கு ஊசி போட்டார்களா, இல்லை இன்னும் தைலத்தை நம்பிக்கொண்டு இருக்கிறாரா?

சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. "பதவி உயர்வு கொடுத்தார்கள், எட்டாயிரம் கூட வருகிறது, ஆனாலும் ஏமாந்த மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். மாதாமாதம் பார்க்காமல் மணிக்கணக்கில் பார். ஸ்டாஃப் நர்ஸாக இருந்தபோது நைட் அலவன்ஸ் சேர்த்து 40,000. 26 டூட்டி, எட்டு மணி நேரம், ஆக 208 மணி. மணிக்கு 192 ரூபாய். இப்போது 48,000. காலை ஏழரைக்குப் போய் மாலை ஆறுக்குத்தான் கிளம்புகிறாய் என்றால் பத்தரை மணி நேரம். 26 நாளுக்கு 273. மாதம் இரண்டு ஞாயிறு சூப்பர்வைசர் ரவுண்டு 16 மணி. மொத்தம் 289. மணிக்கு 166 ரூபாய்தான் விழுகிறது. ராத்திரி வீட்டுக்கு வரும் போன்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. உன் கூலி குறைந்திருக்கிறது, பேட்ஜில் பெயர் மட்டும் நீண்டிருக்கிறது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் பயன் இல்லை. மூன்று மாத டூட்டி ரோஸ்டர், பயோமெட்ரிக் பதிவு, சூப்பர்வைசர் ரிப்போர்ட்டில் உன் கையெழுத்தும் நேரமும் உள்ள பக்கங்கள், இவற்றின் நகல் வேண்டும். நோயாளியின் பெயரோ ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோ தெரிகிற பக்கத்தை மட்டும் தொடாதே. அதைக் காட்டியே உன்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். 48,000இல் பேசிக் 18,000 என்று போட்டு, மிச்சத்தை வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்திருக்கிறார்கள். போன நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. அதன்படி உன் கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது வரும் பணிக்கொடைக்கு, அடிப்படை 24,000க்குக் கீழே போகக் கூடாது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்பது கணக்கு. பதினோரு வருட சர்வீஸுக்கு 18,000 × 15 ÷ 26 × 11 என்றால் சுமார் 1,14,000. அதையே 24,000 வைத்துப் போட்டால் சுமார் 1,52,000. "பேசிக்கை ஏற்றினால் பி.எஃப். பிடித்தம் கூடி, கையில் வருவது குறையும்" என்று எச்.ஆர். பயமுறுத்தும். உனக்கு 15,000 உச்சவரம்பில் 1,800 ரூபாய்தான் பிடிக்கிறார்கள், சீட்டிலேயே இருக்கிறது. அந்த வரம்பில் நீடிக்கும்வரை அது மாறாது.

சி.டி.சி., அதாவது உனக்காக நிர்வாகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, என்று அவர்கள் காட்டும் பெரிய தொகையில் நிர்வாகத்தின் பி.எஃப். பங்கு, இன்சூரன்ஸ் பிரீமியம், கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம் எல்லாம் அடங்கியிருக்கும். அதைச் சம்பள உயர்வு என்று எடுத்துக்கொள்ளாதே.

இனி முக்கியமான விஷயம். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம் பற்றி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 கட்டிலுக்கு மேல் இருந்தால் மாநில அரசின் அதே கிரேடு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100க்கு மேல் என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதம். 50க்குக் கீழே குறைந்தது 20,000. இதுதான் குழுவின் பரிந்துரை. டெல்லி சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2018 ஜூனில் இதை அமல்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. மருத்துவமனைகளின் சங்கம் வழக்குப் போட்டது, 2019 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அப்புறமும் உன் சீட்டு இப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் மேஜையில் எடுத்துப் போட உன் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. மும்பையில் எங்களுக்கு அதுகூடக் கிடையாது.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, கட்டில் எண்ணிக்கை. "இப்போது ஓடுவது 96 கட்டில்தான்" என்பார்கள். ஒரே வார்த்தையில் பத்து சதவீதம் இருபத்தைந்தாகிவிடும். டெல்லி நர்சிங் ஹோம் பதிவுச் சட்டத்தின் கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழில் எத்தனை கட்டில் என்று இருக்கிறதோ அதைச் சொல். ரிசப்ஷன் பக்கத்தில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். நீ எழுதிய 180 அதிலும் இருக்கிறதா என்று பார்.

இரண்டாவது, "அதே கிரேடு" என்கிற சொல். உன் பதவியின் பெயர் கிளினிக்கல் டீம் லீடர். அரசு மருத்துவமனையில் அப்படி ஒரு பதவியே இல்லை. ஒப்பிட ஆள் இருக்கக் கூடாது என்றுதான் இப்படிப் பெயர் வைக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர்கள் உன்னை நர்சிங் ஆபீசரோடு, அதாவது அரசுச் சம்பள அட்டவணையில் லெவல் 7, பேசிக் 44,900 உடன் ஒப்பிடுவார்கள். வார்டை நடத்துகிறவர், பழைய பெயரில் நர்சிங் சிஸ்டர், இப்போது சீனியர் நர்சிங் ஆபீசர். லெவல் 8, பேசிக் 47,600. அதற்கு மேல் 58 சதவீதம் அகவிலைப்படி 27,608, வாடகைப்படி 30 சதவீதம் 14,280, நர்சிங் அலவன்ஸ் தனி. அலவன்ஸை விட்டுவிட்டாலே 89,000க்கு மேல். பத்து சதவீதம் கழித்தாலும் 80,000. பெருமூச்சு விடாதே. 80,000 கேட்டால் உனக்குத் தர மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் பேச்சு அந்த இடத்திலிருந்து தொடங்கினால் 48,000இலிருந்து 52,000க்கு இழுப்பது மாதிரி இருக்காது.

ஆகவே வேலைப் பட்டியலைப் பதவிப் பெயர் இல்லாமல் எழுது. ரோஸ்டர் போடுவது, லீவுக்கு முதல் கையெழுத்து, மருந்து கேட்டு எழுதும் இண்டென்ட், நார்கோட்டிக் (போதை மருந்து) அலமாரிச் சாவி, இன்சிடென்ட் ரிப்போர்ட், புதியவர்களுக்கு இண்டக்ஷன், என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தர அங்கீகார) ஆடிட்டுக்கு ஃபைல். ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று பக்கத்தில் குறி.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களையும், 18,000க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களையும் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு விலக்கி வைக்கிறது. நாளைக்கு வேலைநீக்க வழக்கு என்று வந்தால் "இவர் மேனேஜர்" என்று சொல்லி வெளியே தள்ளப் பார்ப்பார்கள். நீதிமன்றம் பெயர்ப் பலகையைப் பார்க்காது, முக்கியமாக என்ன வேலை செய்கிறாய் என்றுதான் பார்க்கும். நீ தினமும் நாலு நோயாளிகளை நேரடியாகப் பார்த்து, ஊசி போட்டு, ஹேண்ட்ஓவர் கொடுக்கிறாய் என்றால் அது உனக்குச் சாதகம். கிரேடு கேட்கும்போதோ "நான் வார்டையே நடத்துகிறேன்" என்கிறாய். இரண்டு வாதத்தையும் ஒரே கடிதத்தில் எழுதாதே, ஒன்று மற்றதை வெட்டும். கிரேடு கடிதத்தில் நேரடிப் பராமரிப்பு வேலையையும் மணிக்கணக்கோடு ஒரு வரியாகச் சேர்த்துவிடு, போதும். "நிர்வாக அதிகாரி" என்ற சொல்லை நீயாக எழுதாதே.

ஊதியச் சட்டத் தொகுப்பில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் ஊழியர் வரையறையில் மேனேஜரும் உண்டு. சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தது, தாமதித்தது, ஒரே மாதிரியான வேலைக்கு ஆண் இன்சார்ஜுக்குக் கூடக் கொடுத்தது, இதற்கெல்லாம் மூன்று வருடத்துக்குள் முறையிடலாம். ஐ.சி.யூ. இன்சார்ஜ் ஆணுக்கு 57,000 என்று எழுதியிருந்தாயே, அவர் அனுபவமும் படிப்பும் உன்னுடையதுக்கு எப்படி என்று முதலில் பார். "ஐ.சி.யூ. வேறு, வார்டு வேறு" என்று பதில் வரும், அதற்குத் தயாராக இரு.

எப்போது கேட்பது? இப்போதுதான். ஏப்ரல் பட்ஜெட்டுக்கு ஜனவரி, பிப்ரவரியில் எண்கள் போகும். ஜூனில் கேட்டால் "அடுத்த வருஷம் பார்ப்போம்". நர்சிங் சூப்பரின்டெண்டிடம் முதலில் ஒரு பக்கத் தாளைக் காட்டு. அவர் தலைக்கு மேல் எச்.ஆருக்குப் போனால் உனக்காகப் பேச ஆள் இருக்காது. தாளில் வேலைப் பட்டியல், மணிக் கணக்கு, ஒப்பிடும் கிரேடு, கேட்கிற தொகை, எந்தத் தேதியிலிருந்து, அரியர்ஸ். கூட்டம் முடிந்த அன்று மாலையே "இன்று பேசியது இது" என்று மூன்று வரி மெயில் போடு. ஒருமுறை ரிவார்டு, வேரியபிள் பே என்று இனாம் மாதிரி நீட்டினால் வாங்கிக்கொள், ஆனால் அதைத் தீர்வு என்று எழுதிக் கையெழுத்துப் போடாதே. புதிய ஆஃபர் லெட்டர் தந்தால் நோட்டீஸ் காலத்தைப் படி. ஒரு மாதம் மூன்றாகியிருக்கும்.

உன் வார்டுப் பிள்ளைகள் விஷயம். ஏழு வருஷக்காரிக்கு 31,000, போன மாதம் சேர்ந்தவளுக்கு 34,000 என்றால் அந்த ஏழு வருஷக்காரி போவாள். புதியவள் தனியாக நோயாளியை எடுக்க இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதச் சம்பளமும், அவளைப் பார்த்துக்கொள்கிற இன்னொருத்தியின் நேரமும் செலவு என்று கணக்கில் காட்டு. பெயர் போடாமல், சேர்ந்த வருடம், படிப்பு ஜி.என்.எம். டிப்ளமாவா பி.எஸ்சி.யா, பிரிவு, பேசிக் என்று ஒரு பட்டியல் போதும். ஆனால் இதை உன் கோரிக்கையோடு கலக்காதே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் சுலபமாக இருப்பதை மட்டும் செய்வார்கள், அது நீயாக இருக்காது.

ரிசப்ஷன் சான்றிதழில் உள்ள எண்ணையும், ரோஸ்டரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. தாளை நான் ஒருதரம் பார்த்துத் தருகிறேன். பொங்கலுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கரும்பு வாங்கினால் ஞாயிறு ரவுண்டுக்கு முன்னாலேயே வாங்கிவிடு, மத்தியானத்துக்கு மேல் அடிக்கட்டைதான் மிஞ்சும்.

அன்புடன்,
மீனா