ஆட்டவாவிலிருந்து, நார்னிப் பாலம் பற்றி

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு. இங்கே மகள் வீட்டில் எல்லோரும் சுகம். பேரன் என்னோடு தமிழில்தான் பேசுகிறான், எனக்கு அது போதும்.

அப்புறம், உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று. இங்குள்ள கனடா தேசியக் கலைக்கூடத்தில் பிரெஞ்சு ஓவியர் கோரோவின் 'நார்னிப் பாலம்' ஓவியத்தைப் பார்த்தேன். இத்தாலியில் நார்னி ஊருக்குக் கீழே ஓடும் ஆற்றின் மேல் அகஸ்டஸ் காலத்தில் ரோமானியர்கள் கட்டிய பாலம் அது. பெரும்பகுதி இடிந்து, ஒரு வளைவு மட்டும் முழுதாக நிற்கிறது. 1827இல் பாரிஸ் சலோன் கண்காட்சிக்காகத் தீட்டியிருக்கிறார், சலோனில் அவர் படம் இடம்பெற்றது அதுவே முதல் முறை. பைன் மரங்கள், மேய்ப்பர்கள், ஆட்டு மந்தை என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் இதற்கு முன்னால், 1826 செப்டம்பரில், அந்த ஆற்றைப் பார்த்தபடியே அவர் காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தில் போட்ட ஸ்டடி, அதாவது பயிற்சிப் படம், ஒன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வெறும் 34க்கு 48 சென்டிமீட்டர்தான், அதை போனில் திறந்து வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதில் ஆடும் இல்லை, மேய்ப்பனும் இல்லை. முன்பக்கத்து மண்ணைப் பழுப்பில் சரசரவென்று இழுத்து விட்டிருக்கிறார், தூரிகை போன தடம் அப்படியே தெரிகிறது. அதைத் தாண்டி வெயில் படிந்த ஆறு, உடைந்த பாலம், நீல மலை. இவ்வளவு வேகமாகப் போட்ட படத்தில் எப்படி இத்தனை அமைதி என்று யோசித்துக்கொண்டே நின்றேன். வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்பதை மட்டும் பிடித்துவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பெரிய படத்தில் மேய்ப்பர்கள் வந்து உட்கார்ந்துகொண்டு 'இது அமைதியான இடம்' என்று நமக்குச் சொல்கிறார்கள், சின்னதில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே உட்கார்ந்து தீட்டுவது பயிற்சிக்கு, கண்காட்சிக்கு ஸ்டுடியோவில் புதிதாகத் தீட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். அதனால் அந்தச் சின்னப் படம் 1906இல்தான், ஒரு சேகரிப்பாளரின் கொடையாக, லூவருக்கு வந்து சேர்ந்தது. கோரோ இறந்து அப்போது 31 வருஷம்.

நீ அனுப்பிய தாமிரபரணிப் பாலம் வாட்டர்கலரில் துணி துவைக்கும் பெண்களையும் மாடுகளையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாயே, சேர்க்காதே. இடதுபக்கம் தண்ணீரைக் காகிதத்தின் வெள்ளையாகவே விட்டிருக்கிறாய் பார், அதுதான் அந்தப் படத்துக்கே உயிர், அதில் கை வைக்காதே. ஆட்கள் வேண்டுமென்றால் வேறு தாளில் புதிதாக ஆரம்பி, இரண்டையும் ஸ்கேன் செய்து அனுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் மாப்ளே