சனிக்கிழமை ஷோவுக்குத் துணை நின்ற எல்லாருக்கும்

காது இன்னும் லேசாக இரைந்துகொண்டிருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்து இரண்டு நாள் கழித்து எழுதலாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை, பேசி வைத்திருந்த இடம் கைவிட்டுப் போனது உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி கிளற வேண்டாம், போனது போகட்டும். ஷோ நடந்தது. ஜோர்ஜ்டவுனில் லெபோ பாசார் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், மூன்றே மூன்று காற்றாடிக்குக் கீழே, எழுபது பேர் சட்டை முதுகோடு ஒட்ட நின்று கடைசி வரைக்கும் கேட்டீர்கள். பத்தரைக்கு நான் லேப்டாப்பை மூடிய பிறகும் யாரும் படி இறங்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய பேர். முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அங்கிள் என்றே எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு சவுண்ட் செக். ஸ்பீக்கரைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. எங்கள் செட்டைக் கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி, ஒரு சிந்தசைசர், ஒரு டிரம் மெஷின், லேப்டாப், பக்கத்தில் உறுமி வாசிக்கும் தம்பி, அவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் நிற்கும். ராக் பேண்ட் என்றால் டிரம்ஸ் அடியில் இந்த மாதிரி இரைச்சல் மறைந்துவிடும், எங்களுக்கு மறைக்க ஒன்றுமே இல்லை. கேபிள் மாற்றினோம், மிக்ஸரில் சேனல் மாற்றினோம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் குறைந்தது, ஆனால் அந்த பேட்டரி நாற்பது நிமிடம்கூடத் தாங்காது. ஐந்து மணிக்குப் பையன்களில் ஒருவன், பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிட்டால் சத்தம் போய்விடும், இணையத்தில் பார்த்திருக்கிறேன் என்றான். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவு களைத்துப் போயிருந்தேன், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அப்போதுதான் மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

சவுண்ட் செக் நேரத்தில் ஒரு பெரியவர் படியேறி வந்தால் அது புகார்தான் என்று இத்தனை வருஷத்தில் பழகிவிட்டோம். சத்தத்தைக் குறை, பிள்ளைகள் படிக்கிறார்கள், இதெல்லாம் ஒரு பாட்டா. 2015 ஆகஸ்டில் அம்பாங்கில் இருந்த ரூமா அப்பி என்ற இசைக் கூடத்தில் ஒரு பங்க் ஷோவுக்குள் போலீஸ் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்ததிலிருந்து, என் அம்மாவுக்கு ஷோ என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். அதனால் வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். “இந்தச் சத்தத்த நிறுத்தணும்” என்றார். பத்தரைக்குள் முடித்துவிடுகிறோம் அங்கிள், மன்னிச்சிருங்க, என்று நான் ஆரம்பித்துவிட்டேன்.

“உன் பாட்டச் சொல்லலம்மா. அடியில ஓடுதே, கரண்டுச் சத்தம், அதச் சொல்றேன். கீழ கடை முன்னாடி அஞ்சடி நடைபாதையில நின்னு அரை மணி நேரமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். உன் சுருதி அஞ்சரைக் கட்டை. கரண்டு அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவுல நிக்குது. எப்படிச் சேரும்?”

எனக்குப் பேச்சே வரவில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த ஐம்பதும் அதன் இரட்டிப்பான நூறும்தான் இரைச்சலாகக் காதில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஜி-க்கு (ஐந்து கட்டை) கொஞ்சம் மேலே, ஜி ஷார்ப்புக்கு (ஐந்தரை) கீழே, அவர் சொன்ன அதே இடம். முப்பது வருஷம் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சவுண்ட் சிஸ்டம் போட்டவராம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகிற வழியில் பந்தல் பந்தலாக ஜெனரேட்டர் இழுத்து ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்.

எங்கள் கருவி எதையும் அவர் தொடவில்லை. எந்த வயர் எந்தச் சுவருக்குப் போகிறது என்று மட்டும் அறையைச் சுற்றி நடந்து பார்த்தார். என் மேசை ஜன்னல் பக்கத்து பிளக்கில், மிக்ஸரும் ஸ்பீக்கரும் படிக்கட்டுப் பக்கத்து பிளக்கில். “ரெண்டு இடத்துல எர்த்து, நடுவுல உன் ஆடியோ கேபிளு. வட்டமாயிடுச்சா, அதுக்குள்ளயே சுத்துது.” எர்த் வயரைக் கழற்றும் யோசனையைப் பையன் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. திட்டவில்லை. அவன் தோளில் கை வைத்து, அது சத்தத்துக்காகப் போட்ட வயர் இல்லை தம்பி, உன் உயிருக்காகப் போட்டது, 230 வோல்ட், யார் சொன்னாலும் எப்பவும் கழட்டாதே என்றார். நான் சரி என்று சொல்ல இருந்தது அவருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். வியர்வையில் நனைந்த கையோடு நாங்கள் தொடுகிற இரும்புப் பெட்டிகள் அவை.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். மரச் சட்டத்தில் சுற்றிய நீல நிற வயர், விரல் தடிமன், மண் படாமலிருக்க இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மீட்டருக்கு மீட்டர் வெள்ளை பெயிண்ட்டில் ஒரு கோடு. அதோடு, உள்ளே டிரான்ஸ்பார்மர் வைத்த இரண்டு சின்ன இரும்புப் பெட்டிகள். ஒரு பேப்பர் பையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்: 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3000 வாட் தாங்கும், எங்கள் சாமான் எல்லாம் சேர்த்தும் அதில் பாதிதான். அதனால் எல்லாமே ஒரே பிளக்கிலிருந்து, காற்றாடி மட்டும் தனியாக. அந்த எர்த் வட்டத்தை அறுக்க லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் அந்தப் பெட்டிகள். “இப்பப் போடும்மா.”

சுருதிப்பெட்டி மட்டும் கேட்டது. அதற்கு அடியில் காற்றாடியின் கிறீச் சத்தம், கீழே கடையில் யாரோ ஷட்டர் இழுக்கும் சத்தம். தம்பி உறுமியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டான்.

இதோடு அவர் போயிருக்கலாம். போகவில்லை. ஏழு மணியிலிருந்து பத்தரை வரைக்கும் அந்த பிளக்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், யாராவது போன் சார்ஜரைச் செருகிவிடக் கூடாது என்று. செருக வந்தவர்களைக் கையை மட்டும் காட்டித் திருப்பி அனுப்பியதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் செட்டின் நடுவில் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அமுக்கினார். புரிந்தது. பேஸைக் குறைத்தேன், மூலையில் குமுறிக்கொண்டிருந்த ஒலி தெளிந்து உறுமி முன்னால் வந்தது. அவர் தலையாட்டினார். பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. பால் இல்லாத ஒரு தே ஓ மட்டும் குடித்தார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், குறையாக நினைக்காதீர்கள். சேலை மூட்டைகளை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தி மாடியைத் தந்த அண்ணன், ஸ்பீக்கர் கொடுத்த உறுமிக் குழுப் பிள்ளைகள், வேன் ஓட்டிய பள்ளித் தோழி, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிக் கேஎல்லிலிருந்து (கோலாலம்பூர்) வந்து போக்குவரத்துச் செலவுகூட வேண்டாம் என்ற அந்த மூன்று பேர், கணக்கு பார்க்காமல் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் அனுப்பிய கடைக்காரர், இடம் மாறியும் 25 வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட்டைத் திருப்பிக் கேட்காத நீங்கள். திருப்பிக் கேட்ட நாலு பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, அவர்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை.

கேஎல்லில் ஒரு இடம் கைவிட்டால் கம்போங் அத்தாப், பெட்டாலிங் ஜெயா என்று அலைந்து இன்னொன்றைத் தேடலாம். இங்கே ஜோர்ஜ்டவுன் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கடைவீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டலும் கஃபேயுமாகிவிட்டன. மீதமிருக்கும் அறைகளில், நம்மைப் புரிந்துகொள்கிறவர்கள் இந்த ஐம்பது அறுபது பேர்தான் என்றே நினைத்து வாழ்ந்திருக்கிறேன். உறுமியைப் பதிவு செய்து, வெட்டி, லூப் ஆக்கி வாசிக்கிறேன். அந்த உறுமிக்கு முப்பது வருஷம் மைக் வைத்தவர் நாலு தெரு தள்ளி இருக்கிறார், ஒரு நாளும் போய்க் கேட்டதில்லை. கீழே நின்று அரை மணி நேரம் கேட்டதும் அவர்தான், படியேறி வந்ததும் அவர்தான்.

வருகிற தைப்பூசத்துக்கு அவருக்குத் தெரிந்த பந்தலில் வயர் இழுக்க நானும் தம்பியும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். ஷோ, டூர் எது வந்தாலும் அந்த மூன்று நாளுக்கு எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணக்குப் போடவும் கற்றுத் தருகிறாராம்.

அங்கிள், வயரும் இரண்டு பெட்டியும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சிவப்புத் துணியில் தேநீர் கொட்டிவிட்டது, துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் கொண்டு வருகிறேன், அம்மாவும் வருகிறார்.