பஸ் வரும் என்று சொன்னவருக்கு

பூங்காவை ஒட்டிக் குடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

அப்பா நலமாக இருக்கிறார். வாசலில் பார்க்கும்போதெல்லாம் எல்லோரும் கேட்பது இதைத்தான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். முழங்கையில் சிராய்ப்பு, கொஞ்சம் சளி, அவ்வளவுதான். அன்றிரவு அப்பா வீட்டைவிட்டு இறங்கிக் காணாமல்போனதை உங்களுக்கே விவரிப்பது வீண்வேலை. பாதிப்பேர் என்னோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தீர்கள்.

டார்ச் லைட்டோடு இறங்கியவர்கள், வண்டியை எடுத்துக்கொண்டு பெரிய சாலைவரை போய்வந்தவர்கள், அப்பாவின் படத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியவர்கள், எங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தம் வீட்டில் படுக்கவைத்தவர்கள், புகாரை எழுதிக்கொண்டதோடு நில்லாமல் உடனே ரோந்துக்குக் கிளம்பிய காவலர்கள் என்று எல்லோருக்கும் என் குடும்பத்தின் நன்றி. வீடு வீடாக வந்து சொல்ல வேண்டியது. அப்பாவைத் தனியே விட்டு வர முடியாததால் எழுத்தில் சொல்கிறேன்.

இனி எழுதப்போவது ஒருவரைப் பற்றி. பூங்காவின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய பெஞ்சில் இரவில் படுப்பவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பச்சைப் போர்வைக்காரர் என்றால் உங்களுக்குத் தெரியும்.

மறதி நோய் வந்ததிலிருந்து, பொழுது சாய்ந்தால் அப்பாவுக்குப் பதற்றம் தொற்றிக்கொள்ளும். வேலைக்குக் கிளம்ப வேண்டும், பஸ் போய்விடும் என்பார். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது என்று எடுத்துச் சொன்னால் கோபம்தான் மிஞ்சும். இந்த நோயுள்ள பலருக்கு மாலையில் குழப்பம் கூடும், எதிர்த்து வாதாடாதீர்கள், அவர் எந்தக் காலத்தில் இருக்கிறாரோ அங்கேயே போய்ப் பேசுங்கள் என்று மருத்துவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கேட்பதற்கு எளிதுதான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நடுராத்திரியில் ஒருவர் கதவை உலுக்கும்போது எந்தப் பாடம் நினைவுக்கு வரும்?

பச்சைப் போர்வைக்காரருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருட்டில் எதிரே வந்து நின்று "பஸ் போய்விட்டதா?" என்று கேட்ட பெரியவரிடம், "முதல் பஸ் விடியற்காலையில்தான் ஐயா. நானும் அதற்குத்தான் காத்திருக்கிறேன். உட்காருங்கள்" என்றாராம். அப்பா உட்கார்ந்துவிட்டார். நாங்கள் யார் சொல்லியும் உட்காராத அப்பா!

அப்புறம் நனைந்திருந்த செருப்பைக் கழற்றி, தலைக்கு வைத்துப் படுக்கும் பையிலிருந்து காலுறைகளை எடுத்து மாட்டிவிட்டிருக்கிறார். ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல் நிறம். அப்பா எழ முயன்றபோதெல்லாம், "எழுந்தால் இடம் போய்விடும் ஐயா, வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்" என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறார். தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள் என்று கணித்து, பக்கத்தில் படுத்திருந்த இன்னொருவரை எழுப்பி வாசல் பக்கம் நிறுத்தியதும் அவர்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா பெஞ்சில் கால் நீட்டிப் படுத்திருந்தார். போர்வை அப்பாவின் மேல் இருந்தது. அவர் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்.

ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் வாசலில், பஸ்ஸே வராத ஒரு பஸ் நிறுத்தத்தை வைத்தார்கள் என்று பிறகு படித்தேன். வீட்டுக்குப் போக வேண்டும் என்று பதறிக் கிளம்பும் முதியவர்கள் அங்கே போய் உட்காருவார்களாம். சற்று நேரத்தில் கிளம்பியதே மறந்துபோகும். கூப்பிட்டால் உள்ளே வந்துவிடுவார்கள். வல்லுநர்கள் யோசித்துக் கட்டிய அந்த நிறுத்தத்தை நம் பூங்காவில் ஒருவர் ஒரே வாக்கியத்தில் கட்டிவிட்டார்.

ஏன் வீட்டில் கொண்டுவந்து விடவில்லை என்று சிலர் கேட்டீர்கள். அவரிடம் கேட்டேன். "எந்த வீடு என்று தெரியாது. தெரிந்தாலும், அந்த நேரத்தில் நான் தட்டினால் கதவைத் திறப்பார்களா?" என்றார். மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

பணத்தை வாங்க மறுத்துவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வாங்கிக்கொண்டார். வாங்க வேண்டியதுதானே. காலுறைகளையும் மறக்காமல் திருப்பிக் கேட்டார். துவைத்துக் கொடுத்துவிட்டோம்.

பூங்கா ஓரத்து வாழ்க்கையில் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நள்ளிரவுச் சண்டையில் எங்கள் குழந்தையும் விழித்துக்கொண்டு அழுதிருக்கிறது. ஆனால் இருட்டியதும் கழிப்பறையைப் பூட்டிவிட்டு, காலையில் வேலியோரம் நாற்றம் என்று புகார் எழுதுவதில் என்ன நியாயம் இருக்கிறது? இப்போது பெஞ்சுகளின் நடுவில் இரும்புத் தடுப்பு பொருத்தும் யோசனை சங்கக் கூட்டத்துக்கு வருகிறது. படுக்க முடியாவிட்டால் போய்விடுவார்களாம். எங்கே போவார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. முதியவர்கள் பிடித்துக்கொண்டு எழுவதற்காக என்று ஒரு காரணம் காட்டியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு ஓரங்களிலும் கைப்பிடி வைத்தால் போதும்.

உறைவிடமும் மனித உரிமை என்று 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட பிரகடனத்தின் 25ஆவது பிரிவு சொல்கிறது. அதை நம் தெருச் சங்கம் நிறைவேற்றிவிட முடியாது. பெஞ்சை பெஞ்சாக விட்டுவைக்க நிச்சயம் முடியும். கூட்டத்துக்கு வருவேன், தடுப்பு வேண்டாம் என்று பேசுவேன். கழிப்பறையை இரவிலும் திறந்துவைப்பதானால், கதவுக்கும் விளக்குக்கும் நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன். பேச நான் ஒருவன் மட்டும் என்றாலும் சரி, துணைக்கு யாராவது வந்தால் தெம்பாக இருக்கும்.

ஒன்று விட்டுப்போயிற்று. கைப்பிடியில் சிவப்பு நாடா சுற்றிய டார்ச் லைட் ஒன்று எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. யாருடையது என்று தெரியவில்லை. உரியவர் எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.