மிளகாவை முதல் வாரம் சும்மா விட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், வெளிநாடுகளில் பாம்பு வளர்ப்பவர்கள் பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. வாங்கி வந்த அன்றே கையில் எடுத்துப் பழக்கினால்தான் பாம்புக்குப் பயம் தெளியும் என்று அதில் போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது இங்கிலாந்தில், லெஸ்டரில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனின் 11ஆவது பிறந்தநாளுக்கு மருமகன் ஒரு கார்ன் ஸ்னேக் குட்டி வாங்கி வந்தார். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. விஷம் கிடையாது, இரையைச் சுற்றி நெரித்து விழுங்கும். ஒன்றரைச் சாண் நீளம், பழுத்த மிளகாய் நிறம். பேரன் 'மிளகா' என்று பேர் வைத்துவிட்டான். 15, 20 வருஷம் கூட இருக்குமாம். இவன் கல்யாணத்துக்கும் அது இருக்கும் போலிருக்கிறது. என் அம்மா பொழுது சாய்ந்தால் பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டாள், 'பூச்சி' என்பாள். அவள் பெண் நான், கூடத்தில் பாம்போடு!

வந்த அன்றே ஆளாளுக்குக் கையில் எடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேறு. மூன்றாம் நாள் உறைய வைத்த பிங்கியை (மயிர் முளைக்காத எலிக்குஞ்சு) இளக வைத்துக் கொடுத்தார்கள், சாப்பிட்டது. மறுநாள் காலையிலேயே நண்பனுக்குக் காட்ட வேண்டும் என்று பேரன் எடுத்துவிட்டான். சாயங்காலம் அந்த எலிக்குஞ்சு பாதி கரைந்து வெளியே கிடந்தது. அந்த வாடையை நான் எழுதப் போவதில்லை, காலையில் பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள்.

விலங்கு மருத்துவர் சொன்னது இதுதான்: பாம்பு இரை எடுத்தால் இரண்டு நாளாவது தொடக்கூடாது. ஒருமுறை கக்கிவிட்டால் பத்துப் பதினைந்து நாள் வயிற்றுக்கு ஓய்வு. அப்புறம் முன்னதைவிடச் சின்ன இரையாகத்தான் கொடுக்க வேண்டும். புதிதாக வந்த பாம்பை முதல் ஒரு வாரம் கையே படாமல் விட்டு, அது இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகே எடுத்துப் பழக்க வேண்டும்.

சரி என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் 30 டிகிரி சூடு, மறுபக்கம் 24. ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் இடம். குளிர்ந்த பக்கத்தில் இருப்பது நான் தேங்காய் துருவிக் கொடுத்த கொட்டாங்கச்சி. மருமகன் அதில் வாசல் மாதிரி வெட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தார். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குகை காலியாகவே கிடக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு வேளை சாப்பிட்ட பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து நிமிஷம். மேலேயிருந்து கையை இறக்கக்கூடாது. பருந்து அப்படித்தான் வரும். பக்கவாட்டில் போய், உடம்பின் நடுப்பகுதியைக் கீழிருந்து ஏந்த வேண்டும். தலைக்குப் பின்னால் பிடித்து அழுத்தவே கூடாது. எடுக்கும் முன் பேரன் ஒரு காகிதச் சுருளால் லேசாகத் தொடுவான். வருவது சாப்பாடு இல்லை என்று அதற்கு அடையாளம். கையில் எலி வாடை இருந்தால் கடித்துவிடும் என்பதால் முன்னால் சோப்புப் போட்டுக் கழுவுவான், சால்மொனெல்லா கிருமிக்காகப் பின்னாலும் கழுவுவான்.

முதல் இரண்டு வாரமும் கையைக் கண்டால் வால் நுனியைக் கீழே விரித்த காகிதத்தில் படபடவென்று அடிக்கும். கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றால் பேரன் கையை எடுத்துவிடுவான். சட்டை உரிக்கும் முன் கண் பால் படர்ந்த மாதிரி நீலம் பூத்துவிடும். அப்போது அதற்குப் பார்வை சரியில்லை, உரித்து முடிக்கும் வரை நாங்கள் தொடுவதில்லை.

மூன்றாம் மாதம் நானே கையை நீட்டினேன். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்து, புதுப் பட்டு மாதிரி இருந்தது. அடிவயிறு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம். நாக்கை நீட்டி என் வளையலை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, மணிக்கட்டைச் சுற்றி மேலே ஏறியது. அதற்கு என்மேல் பாசம் வந்துவிட்டதாக மகள் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரக்கிளை என்று நினைத்து ஏறுகிறது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் வரப்பில் போகிற சாரையைப் பிடித்துப் பழக்கக் கிளம்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு எதையும் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். உங்கள் துணுக்கில் இந்த ஒரு வரி இல்லாதது பெரிய குறை. அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள்.

மிளகா நேற்று, வியாழக்கிழமை, இரை எடுத்தது. பெட்டி மேல் பேரன் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான், எனக்காகத் தமிழில்: 'சனிகிழமை வரை தொடாதே பாட்டி'. ஒரு க் விட்டுப்போயிருக்கிறது. நான் திருத்தவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
லெஸ்டர், இங்கிலாந்து